ஜெயினம்பு வீட்டுக் கப்பல்

மதுரையில் கடல் கிடையாது. வைகையில் நாலு நாள் தண்ணீர் ஓடினாலே ஊர்சனம் பாலத்தில் வரிசையாக நின்று செல்ஃபி எடுக்கும். அப்படிப்பட்ட ஊரில், தெற்குவாசலில் ஒரு வீட்டுக்கு மட்டும் கப்பல்காரர் வீடு என்று பெயர். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிலிருந்து கூரியர்காரர் வரை அப்படிச் சொன்னால்தான் வீடு பிடிபடும். அந்த வீட்டுக்காரி ஜெயினம்புவுக்கு இப்போது அறுபது வயது. கப்பலில் ஏறியதில்லை. கிட்டே நின்று பார்த்ததும் இல்லை. ஆனால் கில்மோரா என்ற பெயரை யாராவது எடுத்துவிட்டால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கதை சொல்ல உட்கார்ந்துவிடுவாள்.

கில்மோரா ஒரு மெயில் கப்பல். நீராவியில் ஓடியது. மெட்ராஸில் தபால் மூட்டைகளையும், நாகப்பட்டினத்தில் வெங்காயத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்த் திரும்பும். அதில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக, வேலை பார்த்தவர் ஜெயினம்புவின் அத்தா கமால் மைதீன். அவள் தவழ்கிற வயதில் ஓர் ஐப்பசிப் புயலில் கப்பல் முழுகியது. அத்தாவும் அதோடு போய்விட்டார். விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அவளுடைய அம்மா மைமூன் பீவி சொல்லிச் சொல்லி வளர்ந்தது.

பனைமர உயரத்துக்கு அலை எழும்பியதாம். புகைபோக்கி முறிந்து விழுந்ததாம். தபால் மூட்டைகள் பிரிந்து, யார் யாருக்கோ போகவேண்டிய கடிதமெல்லாம் தண்ணீரில் மிதந்தனவாம். எல்லாரும் படகில் குதித்துத் தப்பிக்கிற நேரத்தில் பண்டாரி கமால் மைதீன் மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை. படகில் போகிறவர்கள் பசியோடு போகக் கூடாதென்று, வடித்த சோற்றை வாளி வாளியாக அள்ளிக் கொடுத்துக்கொண்டே நின்றார். "கடைசி வாளியை நீட்டயில கப்பல் சாஞ்சிருச்சு" என்று அம்மா முடிப்பாள். சின்ன வயதில் அந்தக் கடைசி வாளியைக் கேட்காமல் ஜெயினம்பு தூங்கியதே கிடையாது.

கடலில் முழுகி மௌத்தானவர்களுக்கு ஷஹீதுடைய, அதாவது மார்க்கத்துக்காக உயிர்விட்டவருடைய, அந்தஸ்து உண்டு என்று ஹஜ்ரத்மார்கள் சொல்வார்கள். ஆகவே தெருவில் ஜெயினம்பு சாதாரணமாகத் தகப்பனில்லாத பிள்ளையாக வளரவில்லை. ஷஹீதின் மகளாக வளர்ந்தாள். மதரசாவில் அவளை யாரும் அடித்ததில்லை. பெருநாளைக்கு நாலு வீட்டிலிருந்து அவளுக்குத் துணி வரும். 'அவுகத்தா எப்படிப்பட்ட மனுசன் தெரியுமா' என்று, கமால் மைதீனைப் பார்த்தே இராத பெண்கள்கூடச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தகப்பன் மேல் எம்புட்டுப் பாசம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா மேல்தான் அந்தப் பாசம் இல்லை. மைமூன் பீவி கறாரான பொம்பளை. புருஷன் மௌத்துக்கு இருக்கிற இத்தா முடிந்த கையோடு, தன் வாப்பா வைத்திருந்த பழங்காநத்தம் மெத்தைக் கடையில் போய் உட்கார்ந்தவள், கடைசிவரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். இலவம் பஞ்சை அடைத்து அடைத்து நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. சிரிக்கமாட்டாள். கொஞ்சமாட்டாள். மறுகல்யாணம் பேசி வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். ரஜபு மாதத்தில் அத்தாவுக்கு வருஷ ஃபாத்திஹா ஓதும் அன்றைக்குத் தெருவே கூடி அழும். இவள் மட்டும் நெய்ச்சோற்றுச் சட்டியைக் கிளறிக்கொண்டு கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்பாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு ஒருமுறை ஜெயினம்பு ஆத்திரம் தாங்காமல் கேட்டேவிட்டாள்: "ஒனக்கென்ன நெஞ்சா, கல்லா? கட்டுன புருசனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராதா?" அம்மா கரண்டியைக் கழுவி வைத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா இழுப்பிலேயே மௌத்தானாள். ஹஜ்ஜுக்குப் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. நெஞ்சு இடம்கொடுக்கவில்லை. ஜெயினம்பு தன் ஹஜ்ஜைப் புருஷன் இருக்கும்போதே அவரோடு போய் முடித்துவிட்டாள். தன் கடமையை முடித்தவர்கள், மௌத்தாய்ப் போனவர்களுக்காக இன்னொரு தடவை போய்ச் செய்யலாம். அதற்குப் பதல் ஹஜ் என்று பெயர். அப்படி ஒன்று செய்ய ஜெயினம்பு முடிவெடுத்தபோது, மகன் ஷாகிர் கேட்டான்: "நன்னிமாவுக்குச் செய்யலாமேம்மா? பாவம், ஏங்கிக்கிட்டே இருந்தாக."

"அம்மாவுக்குக் கபர் இருக்குடா. நாம போயி நின்னு ஓதிக்கிறோம்" என்றாள் ஜெயினம்பு. "எங்கத்தாவுக்குக் கபர்கூடக் கெடையாது. மொதல்ல அவுகளுக்குத்தான்."

தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. கூட்டிப்போகும் ஹஜ்ரத்திடமும் பெயர் கொடுத்தாகிவிட்டது. சித்திரையில் பயணம்.

தை மாதம் பிறந்தவுடன் அம்மாவுக்குப் பிறகு ஜெயினம்பு பார்த்துக்கொள்ளும் மெத்தைக் கடைக்கு எழுமலையிலிருந்து காசிமாயன் வந்தார். தோட்டம் துரவோடு இருக்கிற மனுஷன்; அவர்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் மெத்தை தலையணை ஜெயினம்பு கடையில்தான். இந்தத் தடவை மகள் முனீஸ்வரிக்குச் சீர். கூடவே மகன் ராம்கி வந்திருந்தான். அவன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். தங்கச்சி கல்யாணத்துக்காக லீவில் வந்தவன். கப்பல்காரப் பிள்ளை என்று தெரிந்ததும் ஜெயினம்பு விடுவாளா? பஞ்சின் தரத்தைக் காட்டுவதை விட்டுவிட்டுக் கில்மோராவை எடுத்துக்கொண்டாள். அலையிலிருந்து வாளி வரைக்கும் ஒன்று பாக்கியில்லை. ராம்கி வாய்பிளந்து கேட்டான்.

"அத்தை, இது பெரிய ஆக்சிடென்ட்டா இருக்கும்போலயே. நான் தேடிப் பாக்குறேன். போட்டோ கெடைச்சாலும் கெடைக்கும்" என்றான்.

போட்டோ என்றதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கப்பல் எப்படி இருந்தது என்று அவள் கண்ணால் கண்டதில்லை. அத்தாவின் முகத்துக்கே ஒரு படம் கிடையாது. மெத்தை எடுக்க அவர்கள் திரும்பி வரும் நாளை அவள் விரல்விட்டு எண்ணாத குறைதான்.

வந்தார்கள். காசிமாயன் வேன் பிடித்துக்கொண்டு வந்தார். ராம்கி வேனிலிருந்து இறங்கும்போதே போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தான்.

"அத்தை! கெடைச்சிருச்சு. இந்தா பாருங்க ஒங்க கப்பலை."

ஒற்றைப் புகைபோக்கி. பக்கவாட்டில் வட்ட வட்டமாக ஜன்னல். மேல்தட்டு முழுக்கச் சனம். சிலர் குடை பிடித்திருந்தார்கள். பக்கத்தில் தோணிகளில் சாக்கு மூட்டைகள். ஜெயினம்பு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். இதில் எந்த ஜன்னல் அடுப்படியோ என்று தேடினாள். அல்லாவே, அல்லாவே என்று வாய் முணுமுணுத்தது.

"ஸ்காட்லாந்துல ஒரு ஆளு பழைய மெயில் கப்பலோட வரலாறையெல்லாம் இன்டர்நெட்ல எழுதி வச்சிருக்காரு அத்தை" என்று ராம்கி ஆரம்பித்தான். "கிளாஸ்கோவுல கட்டுனது. மொதல்ல கரி அள்ளிப் போட்டுத்தான் ஓட்டியிருக்காக, பெறகு எண்ணெய்க்கு மாத்தியிருக்காக. ரெண்டாம் உலக யுத்தத்துல பட்டாளத்தை ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. குண்டு போட்டும் தப்பிச்சிருக்கு. யுத்தம் முடிஞ்சு மறுபடி நம்ம பக்கம் தபாலுக்கு வந்துருச்சு. ஒரே ஒருவாட்டி பினாங்குகிட்டத் தரை தட்டியிருக்கு, அம்புட்டுத்தான். ராசியான கப்பல்னு எழுதியிருக்காரு. அத்தை, அது முழுகவே இல்ல! எழுபத்திமூணு வரைக்கும் ஓடிட்டு, பம்பாயில போயி ஒடைச்சிருக்காக. இந்தப் போட்டோவே எழுபத்தியொண்ணுல நாகப்பட்டினத்துல எடுத்ததுதான்."

பையன் சந்தோஷமாகச் சொன்னான். நல்ல சேதி கொண்டுவந்த நினைப்பு அவனுக்கு. கப்பலில் வேலை பார்க்கிறவனுக்குக் கப்பல் முழுகாமல் இருந்தால் சந்தோஷம்தானே. ஜெயினம்பு படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய அத்தா போய்ச் சேர்ந்தது அறுபத்தாறு ஐப்பசி.

"வேற கில்மோராவா இருக்கும்யா" என்றாள்.

"இல்ல அத்தை. இந்தப் பேருல இந்த ரூட்டுல ஒண்ணுதான்..." என்றவனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. காசிமாயன் மகனின் கையைப் பிடித்துக் கிள்ளினார். "டேய், வாயை மூடுறா. அக்கா, அவன் கெடக்கான், நெட்டுல கண்டதையும் எழுதுவாங்யெ" என்றார். ஜெயினம்பு மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுத் தானே கட்டினாள். முடிச்சு மட்டும் இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது.

அன்று மதியமே திருமங்கலம் பஸ் ஏறினாள். அங்கேதான் அவளுடைய தாய்மாமன் அப்துல் அலீம் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். கப்பல் முழுகிய சேதியை நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்தவர் அவர்தான். அவள் நிக்காஹில் தகப்பன் இடத்தில் நின்று, வலிகாரராகப் பெண்ணைக் கொடுத்ததும் அவர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெயினம்பு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டே போனாள். கப்பல் முழுகாவிட்டால் என்ன, ஆள் தவறி விழுந்திருக்கலாமே. காய்ச்சலில் மௌத்தாகி, கடலிலே இறக்கியிருக்கலாமே. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதற்காக அம்மா கொஞ்சம் பெரிதாக்கியிருப்பாள். மௌத்து மௌத்துதானே. இப்படியே நினைத்துக்கொண்டு இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டாள்.

மாமு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாம்மா வாம்மா, ஹாஜியாம்மா. பயணமெல்லாம் எப்படி?"

"மாமு, கில்மோரா முழுகலையாமே."

பெரியவரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எவன் சொன்னான் என்று கேட்டார். போனில் படம் பார்த்ததைச் சொன்னாள். உள்ளே மருமகள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நாகப்பட்டினத்துக்குக் கூப்புடத்தான் போனேன்" என்றார். "கப்பல் நல்லபடியா வந்து நின்னுச்சு. தோணியில எல்லாரும் எறங்கி வந்தாக. மச்சான் வரல. கூட வேலை பாத்த பண்டாரி ஒருத்தர் என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாரு. பினாங்குலயே எறங்கிட்டாகளாம். அங்க ஒரு சோத்துக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கிட்டாக, இனி வரமாட்டாக, வீட்டுல பாத்துச் சொல்லிக்கங்கன்னாரு."

ஜெயினம்பு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மாகிட்ட அன்னைக்கு என்ன சொன்னீக?"

"உள்ளதத்தான் சொன்னேன். எனக்கு அப்ப மீசைகூட ஒழுங்கா மொளைக்கல, பொய் சொல்ல எனக்கெங்கம்மா தெரியும்? எங்கூடப் பொறந்த லாத்தா, அழுவான்னு பாத்தேன். அழுகல. ஒன்னைய மடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தா. பெறகு, 'கப்பல் முழுகிருச்சுன்னு போயித் தெருவுல சொல்லு'ன்னா. 'ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேரு வாங்கிக்கிட்டு இந்தத் தெருவுல நான் நடக்கமாட்டேன். எம்பிள்ளையையும் ஒருத்தி அப்படிச் சொல்லக் கூடாது'ன்னா. எங்க வாப்பாவும் சரின்னுட்டாக. நான் தெருவுல நின்னு அழுதேன். அந்த அழுகை மட்டும் நெசம்மா."

கடலே இல்லாத ஊரில் ஒரு கப்பலை முழுகடிப்பது எவ்வளவு லேசு என்று பாருங்கள். ஒரு பையன் முக்கில் நின்று அழுதால் போதும். யாரும் போய்த் துறைமுகத்தில் விசாரிக்கவில்லை. நாலு பெண்கள் வந்து மைமூன் பீவியின் கழுத்துக் கருகமணியை அறுத்தார்கள். அவளும் உயிரோடு இருக்கிறவனுக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டு மூலையில் இத்தா உட்கார்ந்தாள். அந்தத் தெரு ஐம்பத்தொன்பது வருஷமாக, கப்பலோடு முழுகாத ஆளின் ஃபாத்திஹாவுக்கு வந்து நெய்ச்சோறு தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஜெயினம்புவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிறுத்த முடியாது என்று தோன்றவே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் அவுக வரவே இல்லையா, மாமு? ஒரு தடவைகூட?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எண்பது வயதில் இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லையோ என்னவோ.

"வந்தாக" என்றார். "ஒன் நிக்காஹ் அன்னைக்கு."

எப்படியோ சேதி தெரிந்து, பினாங்கிலிருந்து மகள் கல்யாணத்துக்குக் கமால் மைதீன் வந்திருக்கிறார். மண்டபத்து வாசலில் பெட்டியோடு நின்றவரை மாமு அடையாளம் கண்டு, எதிர்த்த டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். வலிகாரராகத் தானே நின்று மகளைக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்று கமால் மைதீன் மாமுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமு உள்ளே ஓடி மைமூன் பீவியிடம் சொன்னார். மகளுக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தவள், இதோ வாரேன் என்று எழுந்து, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு டீக்கடைக்கே போனாள்.

"என்ன சொன்னா?"

"'நீங்க மௌத்தாயிப் பத்தொம்பது வருசமாச்சு. இப்பக் கபர்ல இருந்து எந்திரிச்சு வந்தா எம்மவ பயந்துருவா. போயிருங்க'ன்னா. தூரத்துல நின்னு ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போயிடுறேன்னு கெஞ்சுனாக. அதுக்கும் விடல. திரும்பி வரயில எங்கிட்ட, 'பசியோட அனுப்பாத, பந்தியில ஒக்கார வச்சுச் சோறு போட்டு அனுப்பு'ன்னா. ஆம்பளைக பந்தியில உக்கார வச்சேன். வெளியூர்க்காரர்னு நெனைச்சுக்கிட்டு யாரும் கேக்கல. ஒரே சஹன்ல நாலு பேரோட ஒக்காந்து ஒன் கல்யாணச் சோத்தைத் தின்னுட்டுத்தான் போனாக. அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல. இப்ப ஹயாத்தோட இருக்காகளா, மௌத்தாயிட்டாகளா, எனக்குத் தெரியாதும்மா."

ஜெயினம்பு அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பூவின் கனத்தில் தலையை நிமிர்த்த முடியாமல், தகப்பன் இல்லையே, இந்த நேரத்தில் அத்தா இல்லையே என்று மனதுக்குள் அழுதுகொண்டிருந்தாள். ஊரெல்லாம் அவரைப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு ஒரே தட்டில் கைவைத்துத் தின்றவர்கள் தெருவில் இன்னும் இருப்பார்கள். அவள் ஒருத்திக்குத்தான் காட்டவில்லை.

"எனக்கு அப்ப வெவரம் தெரியாத வயசா, மாமு? என்னை ஒரு வார்த்தை கேட்டீகளா? 'ஒங்கத்தா வந்திருக்காரு, ஓடிப்போன ஆளு, பாக்குறியா வேணாமா'ன்னு ஒரு வார்த்தை? நான் வேணாம்னே சொல்லியிருப்பேன். காறித் துப்பியிருப்பேன். அது நான் துப்ப வேண்டியதுல்ல?"

மாமு கண்ணைத் துடைத்தார். "லாத்தா சத்தியம் வாங்கிட்டாம்மா. ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன், தெருவுல சொல்லிறாத. அவ மண்ணுக்குள்ள இருக்கா. அங்கயாச்சும் மானத்தோட இருக்கட்டும்."

அவள் டீகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

அதன் பிறகு ஜெயினம்பு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஷாகிரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். "பழசும்மா, விடுங்க" என்றான். அவனுக்கு என்ன, தாத்தா மாறிப்போனார், அவ்வளவுதான். இவளுக்குத் தாய், தகப்பன் இரண்டு பேருமே மாறிப்போனார்கள். விட்டுவிட்டுப் போன தகப்பனை அவள் தினமும் தொழுகைக்குப் பிறகு நினைத்து அழுதிருக்கிறாள். அவன் போட்ட சுமையை இழுத்துக்கொண்டு இழுப்பு வந்து செத்தவளைக் கல்நெஞ்சுக்காரி என்று ஏசியிருக்கிறாள். அதை நினைக்கும்போது, 'என் அம்மா, என் அம்மா' என்று நெஞ்சு உருகும். மறுநாளே டீக்கடை நினைப்பு வரும். வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்ப இவள் யார்? ஏசினபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே? மகளுக்கு முன்னால் கல்நெஞ்சுக்காரியாக இருக்கச் சம்மதித்தாளே தவிர, உண்மையைச் சொல்லச் சம்மதிக்கவில்லையே. அப்படியானால் இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் சேர்ந்து சோறு தின்றது யாரோடு? ஒருநாள் அழுதாள், ஒருநாள் திட்டினாள். பல நாள் இரண்டையும் சேர்த்தே செய்தாள். மருமகள் சனோபர் மாமியாருக்குப் பயணக் கவலை என்று நினைத்துக்கொண்டு ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தாள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு நடந்தது. பதல் ஹஜ் பற்றி ஹஜ்ரத் சொல்லும்போது, ஹயாத்தோடு இருக்கிறவர்களுக்காக அவர்கள் கேட்டுக்கொள்ளாமல் செய்யக் கூடாது என்றார். ஜெயினம்பு பெண்கள் பக்கமிருந்து கேட்டாள்: "ஆளு இருக்காகளா இல்லையான்னே தெரியாட்டி என்ன செய்றது ஹஜ்ரத்?"

"பெத்தவுக இருக்காகளா இல்லையான்னு தெரியாத ஆளு யாரும்மா இருக்கா?" என்று ஹஜ்ரத் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"சும்மா கேட்டேன்" என்றாள் ஜெயினம்பு.

புறப்படுகிற நாள் வந்தது. ஊரே சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்ததால், வேனைச் சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும் என்று ஷாகிர் பறந்தான். அப்படியும் தெருவே வாசலில் கூடிவிட்டது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் பொறுப்புக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். செய்த தப்பு, பேசிய பேச்சு, மனதில் வைத்த பகை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இவர்கள் கையைப் பிடிப்பார்கள். நீங்களும் எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கையைப் பிடிப்பார்கள். எத்தனையோ வருஷச் சண்டைகூட அந்த வாசலில் தீர்ந்துவிடும். ஜெயினம்பு ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்துப் பொறுப்புக் கேட்டாள். எல்லாரையும் பொறுத்துக்கொண்டதாகவும் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். தண்ணீர்க் குழாய்ச் சண்டையெல்லாம் ஒரு சண்டையா?

மாமு காரில் வந்து இறங்கி, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். இவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது.

ஹஜ்ரத் கையேந்தி துஆவை ஆரம்பித்தார். "யா அல்லாஹ், கடலிலே ஷஹீதான மர்ஹூம் கமால் மைதீன் ராவுத்தர் அவர்களுக்காக, அவர்களுடைய அருமை மகள்..."

"ஹஜ்ரத்" என்றாள் ஜெயினம்பு.

துஆ நடுவில் ஒரு பெண்பிள்ளை குரல் கொடுத்ததும் கூட்டம் திரும்பியது. மாமு மகனின் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"அவுகளுக்கு இல்ல. எங்கம்மாவுக்கு. மைமூன் பீவின்னு சொல்லுங்க."

ஹஜ்ரத் ஒரு விநாடி தடுமாறிவிட்டு, பெயரை மாற்றி ஓதி முடித்தார். ஆமீன் அடங்குவதற்குள் எதிர்வீட்டு செய்தூன் பிடித்துக்கொண்டாள். "என்னடி இது? கபர்கூட இல்லாத மனுசன்னு நீதானே சொல்லிக்கிட்டு இருந்தே? அத்தாவை இப்படி அம்போன்னு விட்டுட்டே?"

ஜெயினம்பு அவளைப் பார்த்தாள். தெருவை ஒருமுறை பார்த்தாள்.

"அவுக போகணும்னா அவுகளே போயிக்கிருவாக" என்றாள்.

செய்தூனே மார்பில் கைவைத்தாள். "ஆமாமா, ஷஹீதாச்சே. அவுக ரூஹு எங்க வேணாலும் போகும், நம்ம சொல்லணுமா" என்றாள். "சுப்ஹானல்லாஹ்" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்மையைப் பாதி எடுத்து நீட்டினாலும் அந்தத் தெரு அதையும் வாங்கி ஃபாத்திஹாவில் சேர்த்துக்கொண்டது. ஜெயினம்புவுக்கு அலுத்துப்போய்விட்டது.

வேனுக்குப் போகிற வழியில் மாமு நின்றார். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "லாத்தா மானத்தை நீ காப்பாத்திட்டம்மா. அவளுக்கே செய்யப்போற. நீ தங்கம்" என்று குழறினார். "என்னையப் பொறுத்துக்கம்மா. நான் திரும்ப ஒன்னப் பாப்பனோ என்னவோ. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

சுற்றிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமனும் மருமகளும் அழுது பிரிகிற காட்சி என்று போனைத் தூக்கிப் பிடித்தான் ஒருவன். ஜெயினம்பு அவர் காதருகே குனிந்தாள்.

"அம்மா ஆசைப்பட்டா. அவளுக்குப் போக முடியல. அதனால செய்யப்போறேன், அம்புட்டுத்தான். அவளைப் பொறுத்துட்டேன்னு நெனைச்சிறாதீக, மாமு. அவளைப் பொறுக்கல. ஒங்களையும் பொறுக்கல. மனசுல இதை வச்சுக்கிட்டுத்தான் அந்தக் கஃபா வாசல்ல போயி நிக்கப்போறேன். அல்லா ஏத்துக்கிறானோ, திருப்பி அனுப்புறானோ, அது எம்பாடு."

கையை உருவிக்கொண்டு வேனில் ஏறினாள்.